சாக மறுத்த மீன்

ஜூன் மாதத் தொடக்கத்தில், இருபது நாள் விடுப்பு முடிந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரசிலிருந்து இறங்கி, தில்லி மயூர் விகாரில் உள்ள எங்கள் வீட்டின் கதவைத் திறந்தபோது எங்களை முதலில் எதிர்கொண்டது துர்நாற்றமே. வெளியே வெயில் நாற்பத்து நான்கு டிகிரி. சன்னல்கள் யாவும் அடைத்திருந்தமையால் உள்ளே காற்று அசையவில்லை. கூடத்தின் மூலையில் இருந்த மீன்தொட்டியின் நீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. நாங்கள் ஊருக்குப் புறப்பட்ட சில நாள்களிலேயே ஏதோ மின்னழுத்தக் கோளாற்றால் சுவிட்ச் விழுந்துவிட்டிருக்க வேண்டும். காற்று செலுத்தும் பம்பும் வடிகட்டியும் நின்றுபோயிருந்தன. விடுமுறைத் தீனி என்று கடைக்காரர் கொடுத்த வெள்ளைக் கட்டி கரைந்து அடியில் சேறாகப் படிந்திருந்தது. நான்கு தங்கமீன்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவற்றை அப்புறப்படுத்திவிட்டு, தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்த ஐந்தாவது மீனையும் எடுக்கக் கை நீட்டினோம். கரிய உடல், புள்ளிகள், பட்டை பட்டையாக எலும்புத் தகடுகள், கண்ணாடியில் பதிந்த வட்ட வாய். விரல் பட்டதும் அது சடக்கென்று துள்ளி, எங்கள் முகத்தில் அந்தத் தேநீரைத் தெளித்துவிட்டு மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் கைதட்டினார்கள். எங்களுக்கோ வியப்பைவிடச் சற்றே அச்சம்தான் மிகுந்திருந்தது.

இம்மீனை வாங்கியவர்கள் தில்லியில் ஏராளம். ஜும்மா மசூதியை அடுத்த கபூத்தர் மார்க்கெட்டில் புறாக்களின் கூண்டுகளைக் கடந்து சென்றால் வண்ணமீன் கடைகள் வரும். அங்கும் பிற இடங்களிலும் இதற்கு வழங்கும் பெயர் ‘சக்கர்’ அல்லது ‘டேங்க் கிளீனர்’. விரல் நீளக் குஞ்சாகப் பாலிதீன் பையில் வரும். தொட்டியில் படியும் பாசியை இது தின்றுவிடும், நீங்கள் தொட்டியைக் கழுவவே வேண்டாம் என்று கடைக்காரர் உறுதி கூறுவார். பாசியைத் தின்னும் என்பது மெய்யே. ஆயினும் தின்பதற்கேற்ப நாள் முழுதும் அது கழிக்கும் கழிவைப் பற்றி எவரும் சொல்வதில்லை. அரை அடி, முக்கால் அடி, பிறகு ஒரு அடி என்று அது வளர்வதைப் பற்றியும் சொல்வதில்லை. முழுதாக வளர்ந்தால் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டும். நல்ல கவனிப்பில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழும். நாங்கள் போட்ட வைப்புத்தொகைகளில் எதுவும் இந்த வேகத்தில் வளர்ந்ததில்லை.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. அறிவியலார் வழங்கும் பெயர் டெரிகோப்ளிக்திஸ். தமிழில் உறிஞ்சுவாய்க் கெளுத்தி எனலாம். அது பிழைத்ததற்கான காரணத்தைத் தேடிப் படித்தபோது, எங்கள் தங்கமீன்கள் மாண்டதற்கான காரணமும் உடன் கிடைத்தது.

இருபது டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். முப்பத்தைந்து டிகிரியில் அது ஏழு மில்லிகிராமாகக் குறையும். அதே வேளையில் வெப்பம் கூடக் கூட மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ மிகும். அழுகும் தீனியும் கழிவும் எஞ்சியதையும் குடித்துவிடும். அவற்றிலிருந்து அமோனியா பிறக்கும். நீர் சூடாக இருக்கும்போது அதன் நச்சுத்தன்மை மேலும் கடுமையாகும். ஓடும் வடிகட்டியில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் இந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டே இருக்கும். வடிகட்டி நின்றால் அவையும் மூச்சுத் திணறி மடியும். புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் ஒரு வாரத்தில் சாவதற்கும் இதுவே காரணம்: அங்கே அந்நுண்ணுயிரிகள் இன்னும் குடியேறவே இல்லை. குழாய் நீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் செவுளை அரித்துவிடும் என்பது தனி.

உறிஞ்சுவாய்க் கெளுத்தி இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறது. நீரில் ஆக்சிஜன் குறைந்ததும் மேலே வந்து காற்றை விழுங்கும். அதன் இரைப்பையின் சுவர் மெல்லியதாய், இரத்த நாளங்கள் நிறைந்ததாய் அமைந்து நுரையீரல்போல் பணியாற்றுகிறது. ஈரம் இருந்தால் நீருக்கு வெளியே பல மணி நேரம் கிடந்தும் பிழைக்கும். உடலைப் போர்த்திய எலும்புத் தகடுகளும் முள் துடுப்புகளும் இருப்பதால் பறவையும் பெரிய மீனும் எளிதில் நெருங்குவதில்லை.

காற்றைக் குடித்து வாழும் மீன் தமிழர்க்குப் புதிதன்று. விராலை ஈரச் சாக்கில் சுற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்து உயிரோடு விற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1791-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில், டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான டால்டார்ப் என்பவர், குளக்கரைப் பனைமரத்தின் பட்டை வெடிப்பில், நீர்மட்டத்திற்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைக் கண்டு கையால் பிடித்தார். செவுள் மூடியின் முட்களை ஊன்றி, வாலை வளைத்து அது ஏறிக்கொண்டிருந்ததாக அவர் எழுதிய குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பனையேறிக் கெண்டை என்று நம் ஊரார் அதை முன்பே அழைத்து வந்தனர். அது மெய்யாகவே மரமேறுமா என்று பின்வந்த அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். ஈரத் தரையில் ஊர்ந்து ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

மாண்டுபோன தங்கமீன்களையும் எளிதில் சாகும் இனம் என்று எண்ணிவிடலாகாது. வெப்பத்தில் தோற்றாலும் குளிரில் அவற்றை வெல்ல இயலாது. 2017-இல் ஆஸ்லோ, லிவர்ப்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் உட்பொருளை விளக்கினர். ஆக்சிஜன் அற்ற நிலையில் நம் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. மிகுந்தால் உயிரைக் குடிக்கும். தங்கமீனும் அதன் நெருங்கிய உறவான குருசியன் கெண்டையும் அந்த அமிலத்தை மதுசாரமாக மாற்றிச் செவுள் வழியே நீரில் விட்டுவிடுகின்றன. உறைந்த ஏரியின் அடியில் குருசியன் கெண்டை மாதக்கணக்கில் இவ்வாறு வாழ்கிறது. அப்போது அதன் இரத்தத்தில் நூறு மில்லிலிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமுக்கும் மேல் மதுசாரம் இருக்கும். நம் நாட்டில் வாகன ஓட்டிகளுக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை முப்பது மில்லிகிராம். தில்லிப் போக்குவரத்துக் காவலர் அதை ஊதச் சொன்னால் அபராதம் உறுதி. இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்ற தங்கமீன் 1999-இல் தன் நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தது. எங்கள் வீட்டு நான்கும் இரண்டாண்டுகளே வாழ்ந்தன. அக்கணக்கில் பிழை எவருடையது என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்றாண்டுகள் கழிந்தன. கெளுத்தி ஓரடியைத் தாண்டியது. இரவில் அது கண்ணாடியைச் சுரண்டும் ஓசை பக்கத்து அறைக்கும் கேட்கும். அந்நிலையில், வங்கிப் பணியில் உள்ளோர் யாவரும் அறிந்த அந்தக் கடிதம் வந்தது: மதுரைக்கு இடமாற்றம். கட்டில், பீரோ, புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் லாரியில் இடமுண்டு. மீனுக்கு இல்லை.

வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்று எண்ணினோம். இவ்வளவு பெரியது விற்காது, தொட்டியும் போதாது என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். அக்கம்பக்கத்தார் அனைவரும் கூறிய தீர்வு ஒன்றே. யமுனை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவு. கொண்டுபோய் விட்டுவிடுங்கள், ஓர் உயிரைக் காத்த புண்ணியமும் சேரும் என்றார்கள். நிஜாமுதீன் பாலத்தில் வண்டியை நிறுத்தி மாலையும் தேங்காயும் நாணயமும் நதியில் வீசுவது தலைநகரில் அன்றாடக் காட்சி. அதைத் தடுக்கத்தான் பாலத்தின் இருபுறமும் உயரமான கம்பி வலை கட்டியிருக்கிறார்கள். பூசைப் பொருள்களைக் கொட்டுவோருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. வீட்டு மீனை விடுவோரை யார் கேட்கப் போகிறார்கள்?

வசிராபாத்திலிருந்து ஓக்லா வரை இருபத்திரண்டு கிலோமீட்டர். யமுனையின் மொத்த நீளத்தில் இது இரண்டு விழுக்காட்டளவே; ஆயினும் அந்நதி சுமக்கும் அழுக்கின் பெரும்பங்கு இங்குதான் கலக்கிறது. கோடையில் பல இடங்களில் கரைந்த ஆக்சிஜன் பூச்சியம். அமோனியா ஏறும் நாள்களில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களே உற்பத்தியைக் குறைக்கின்றன. ரோகுவும் கட்லாவும் வாழ இயலாத நீர் அது. நாங்கள் இருபது நாள் பூட்டிவைத்த தொட்டியும் ஏறக்குறைய அத்தகையதுதான். அதிலிருந்து யார் உயிரோடு வந்தது என்பதை எங்கள் கண்ணாலேயே பார்த்திருந்தோம்.

தில்லியின் குளிர் கொன்றுவிடும் என்று நண்பர் ஒருவர் ஆறுதல் கூறினார். இம்மீன் கடுங்குளிரைத் தாங்காது என்பது சரியே. ஆனால் குளிர் வந்தால் வெதுவெதுப்பான இடத்தைத் தேடிப்போகவும் அது அறியும். அமெரிக்காவின் புளோரிடாவில் குளிர்காலத்தில் ஊற்றுநீர்க் குளங்களில் ஒதுங்கும் கடற்பசுக்களின் முதுகிலேயே இவை கூட்டமாக ஒட்டிக்கொண்டு பாசி மேய்கின்றன. நம் நாட்டிலும் சான்று உண்டு. திருவனந்தபுரத்துக் கால்வாயிலும், கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநிலங்களிலும், ஆந்திர மாநில நீர்நிலைகளிலும் இவை பெருகியுள்ளன. 2020 செப்டம்பரில் வாராணசி அருகே கங்கையிலும் அகப்பட்டது. தில்லியைக் கடக்கும் யமுனை பிரயாக்ராஜில் கங்கையோடு கலந்து வாராணசிக்குத்தான் செல்கிறது.

நீரில் பெருகியபின் நேர்வது என்ன? ஆண்மீன் கரையில் நீண்ட வளை தோண்டும். பெண்மீன் அதில் முட்டையிடும். குஞ்சு பொரியும்வரை ஆண்மீன் காவல் இருக்கும். நூற்றுக்கணக்கில் வளைகள் விழுந்த கரை மழையில் சரியும். பாசியையும் அதில் ஒட்டிய பிற மீன்களின் முட்டைகளையும் இவை சுரண்டித் தின்கின்றன. மீனவர் வலையில் முள்ளோடு சிக்கினால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் சந்தையில் விலையில்லை. வலையின் விலையோ மீனவரின் கடனில் ஏறும். வேளாண்மைக் கடன்களின் கோப்புகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்த இடம்தான் மனத்தை உறுத்தியது. எங்கள் வீட்டுக் குழந்தையின் விளையாட்டுப் பொருள், முகமறியாத ஒருவரின் வலையில் போய் முடியும்.

இதற்கு முன்னோடியும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை, தில்லிச் சந்தைகளில் ‘தாய் மாங்குர்’ எனப்படுவதை, வளர்க்கலாகாது என்று மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. ஆனால் அதற்குள் அது பரவிவிட்டிருந்தது. தில்லிக்கு அருகேயுள்ள பரத்பூர் பறவைகள் புகலிடத்தில் அதை ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று. தடை உத்தரவு மீனுக்குத் தெரியாதே!

ஆகவே ஆற்றில் விடுவதில்லை என்று முடிவு செய்தோம். எஞ்சிய வழி கொல்வது. கால்நடை மருத்துவர் ஒருவர் முறையை விளக்கினார்: கிராம்பு எண்ணெயை நீரில் உரிய அளவில் கலந்தால் மீன் வலியின்றி உறங்கி அப்படியே அடங்கிவிடும். பனிப்பெட்டியில் வைப்பதும், கழிப்பறையில் தள்ளுவதும் கொடுமை என்றார். இரண்டாவதில் அது உயிரோடு சாக்கடையைச் சென்றடையவும் கூடும். கிராம்பு எண்ணெய்ப் புட்டியை வாங்கி வந்து அலமாரியில் வைத்தோம். ஒரு வாரம் யாரும் அதைத் தொடவில்லை. கோடைக்கு அஞ்சாத உயிரை நம் கையால் உறங்க வைப்பதற்கு மனம் ஒப்பவில்லை. இளைய மகள் அந்தப் புட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்று மாலை வீட்டில் யாரும் உண்ணவில்லை.

புறப்படுவதற்கு ஆறு நாள்களே இருந்தபோது குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினோம். மீனின் நீளம், வயது, அதற்குத் தேவைப்படும் தொட்டியின் அளவு, அது கழிக்கும் கழிவு, எக்காரணம் கொண்டும் வெளியே விடலாகாது என்ற நிபந்தனை, யாவற்றையும் ஒளிக்காமல் எழுதினோம். கடன் விண்ணப்பத்தில்கூட இவ்வளவு நிபந்தனை இல்லை என்று காவலாளி கேலி செய்தார். மூன்றாம் நாள் அடுத்த கட்டடத்திலிருந்து ஓய்வுபெற்ற வங்காளி ஆசிரியர் ஒருவர் வந்தார். அவரிடம் ஐந்தடி நீளத் தொட்டி இருந்தது. மீனை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இது உண்ணத் தகுந்ததா என்று முதலில் கேட்டார். எங்கள் மகளின் முகத்தைக் கண்டதும், வளர்ப்பதற்காகத்தான் கேட்கிறேன் என்று திருத்திக்கொண்டார்.

வாளியில் கால்பங்கு நீர் விட்டு, மேலே ஈரத் துண்டைப் போர்த்தி எடுத்துச் சென்றோம். மின்தூக்கி பழுது, நான்கு மாடி ஏறினோம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அது வாளியிலிருந்து எகிறிப் படிக்கட்டில் விழுந்து இரண்டு படி கீழே வழுக்கியது. ஆசிரியர் பதறிப்போனார். மகள் மட்டும் பதறவில்லை. துண்டால் அதைப் பற்றி எடுத்து, “தாத்தா, இதற்கெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே வாளியில் போட்டாள்.