பாடலில் யாருக்கு எவ்வளவு பங்கு?

கூட்டு உழைப்பில் உருவான பொருளின் மதிப்பை எவ்வாறு பங்கிடுவது என்பது பொருளியலின் பழைய கேள்வி. பல ஆண்டுகள் வகுப்பறையில் இதை விளக்கிய நான், ஆலைகளையும் வயல்களையும்விட ஒரு ராக் பாடலையே சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதுகிறேன்.

'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' என்ற அப்பாடல் 1967-இல் பிரிட்டனில் வெளிவந்தது. வரிகளை எழுதியவர் கீத் ரீட். மெட்டமைத்துப் பாடியவர் 'புரோகோல் ஹாரம்' குழுவின் கேரி புரூக்கர். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்திலேயே இருவரும் பாடலின் உரிமையை இசைப் பதிப்பு நிறுவனம் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர்.

அதன் பிறகே மேத்யூ ஃபிஷர் குழுவில் இணைந்தார். பாடலின் தொடக்கத்திலும் சரணங்களுக்கு இடையிலும் ஒலிக்கும் ஹேமண்ட் ஆர்கன் இசையை ஒத்திகையின்போது அமைத்தவர் அவரே. பாக்கின் இசையை நினைவூட்டும் அந்த எட்டு அளவை இசையைக் கேட்ட மாத்திரத்தில் பாடலை அடையாளம் கண்டுவிடலாம். லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவான பாடல் பிரிட்டன் தரவரிசையில் ஆறு வாரங்கள் முதலிடம் வகித்தது. ஆயினும், ஆக்கியோர் பட்டியலில் ஃபிஷரின் பெயர் இடம்பெறவில்லை.

2005-இல் அவர் வழக்குத் தொடுத்தார். இசைக்கான உரிமையில் அவருக்கு 40% பங்கு உண்டு என 2006-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணை ஆசிரியர் என்பதை ஏற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம், நெடிய காலதாமதத்தைக் காரணம் காட்டி 2008-இல் வருவாய்ப் பங்கை மறுத்தது. 2009 ஜூலையில் பிரபுக்கள் அவை அப்பங்கை மீட்டளித்தது. எனினும், வழக்குக்கு முந்தைய 38 ஆண்டுகளின் வருவாய் அவருக்குக் கிடைக்கவில்லை. அதுவரை தம் இசையைப் பயன்படுத்த அவர் மறைமுகமாக அனுமதி அளித்திருந்ததாகவே சட்டம் கொண்டது.

வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் பங்கு கேட்டால் இசைத்துறை என்னாவது என்ற அச்சம் அப்போது எழுந்தது. அது முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், வழக்கமான பக்க இசை வேறு. தனித்து அடையாளம் காணத்தக்க புதிய மெட்டு வேறு. முன்னதற்குக் கூலி போதும், பின்னது படைப்பு.

நான் காணும் சிக்கல் காலத்தைப் பற்றியது. படைப்பு முழுமை பெறும் முன்பே உடைமை எழுதப்பட்டுவிட்டது. பிறகு வந்தவரின் பங்களிப்புக்கு அந்த ஏட்டில் இடமில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞருக்குப் பேரம் பேசும் வலிமையும் குறைவு. வெற்றி வந்தபின் கணக்கைத் திருத்த முன்வருவோர் அரிது.

உரிமை மௌனத்தால் அழிவதில்லை என்று நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால், அந்த மௌனத்தின் விலை 38 ஆண்டு வருவாய். கூடிப் படைப்போர் பங்கு எவ்வளவு என்பதை ஒத்திகை நாளிலேயே எழுதிக்கொள்வது நட்புக்கும் நல்லது, நீதிக்கும் நல்லது.