ஒரே காட்சிக்கு இரு விலை ஏன்?

குமரிமுனையில் 133 அடி வள்ளுவர் சிலையையும் கதிரவன் உதயத்தையும் ஒருவர் படம்பிடித்து, பிறர் வாங்கிப் பயன்படுத்த விற்பனைக்கு வைக்கிறார். இதுவே 'ஸ்டாக் வீடியோ'. அதே பத்து விநாடிக் காட்சி எச்.டி. அளவில் ஒரு விலை. 4கே அளவில் அதைவிடக் கூடுதல். ஏன்?

படம் என்பது புள்ளிகளின் தொகுப்பு. எச்.டி.யில் அகலவாட்டில் 1,920, உயரவாட்டில் 1,080. பெருக்கினால் சுமார் 20.7 இலட்சம் புள்ளிகள். 4கே-யில் 3,840, 2,160. சுமார் 83 இலட்சம், அதாவது நான்கு மடங்கு. சிலையின் முகத்தை மட்டும், படத்தின் கால்பகுதியாக வெட்டி எடுத்தாலும் முழு எச்.டி. படம் கிடைத்துவிடும்!

பெரியதைச் சிறிதாக்கலாம், சிறியதில் பதிவாகாத நுட்பத்தைப் பின்னர் மீட்க இயலாது. ஆகவே எடுப்பவர் பெரிதாக எடுத்து இரு அளவிலும் விற்கலாம். கைப்பேசித் திரைக்கு வாங்குபவருக்கோ எச்.டி. போதும், வீண்செலவு வேண்டாம்.