சருகுத் தீயும் நெல்லி மரமும்

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றிலுள்ள கபிலர் குன்றை அறியாத அங்கத்தினர் நம்மில் இலர். குறிஞ்சி பாடுவதிற் புகழ்பெற்ற அப்புலவர் காலத்து மலைவாணர் காட்டைச் சுட்டுத் தினை விதைத்த செய்தி சங்கப் பாடல்களிற் பலவிடத்தும் வருகிறது. அது பயிருக்காக இட்ட தீ. காட்டைப் பேணுவதற்கென்றே இடும் தீயும் உண்டு என்பதைத்தான் நாம் ஈண்டுக் கூற விரும்புகிறோம்.

கருநாடகத்துச் சாமராஜநகர் மாவட்டத்தில், பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர் இதனைத் ‘தரகு பெங்கி’ என்பர். சருகுத் தீ என்பது பொருள். கோடையின் கடுமை தொடங்குமுன், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இதனை மூட்டுவர். அப்போது சுடர் தாழ்ந்தே ஓடும். பெருமரத்தின் தடித்த பட்டைக்கு ஊறு செய்யாது. சருகு சாம்பலாகும், உண்ணிகள் மாளும், புதுப்புல் துளிர்க்கும். உண்ணிச்செடியின் இளங்கன்றுகள் கருகும். நெல்லி மரத்தைப் பற்றி உறிஞ்சும் புல்லுருவியை அடக்கி வைத்ததும் இத்தீயே என்பது சோலிகர் கூற்று.

1974-இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாயிற்று. தீயிடுவது தடுக்கப்பட்டது. அதன்பின் உண்ணிச்செடி காடெங்கும் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக அயல்நாட்டினின்று கொணர்ந்த செடி இது. ஒட்டினால் விடாத இதற்கு வாய்த்த பெயர் பொருத்தமானதே! 1997-க்கும் 2008-க்கும் இடையே அங்கு இது பன்மடங்கு பெருகியதை ஆய்வாளர் அளந்து கண்டனர். இதன் புதருக்கடியில் நெல்லிக் கன்று தலையெடுப்பது அரிது. முதிர்ந்த மரங்களையோ புல்லுருவி வாட்டுகிறது. சோலிகர் தம் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக விற்றுவந்த சரக்குகளுள் நெல்லிக்காய் முதன்மையானது என்பதை எண்ணினால், நட்டம் யாருக்கு என்பது விளங்கும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி 2011-இல் அவர்களது சமூக உரிமைகள் ஏற்கப்பட்டன. ஆயினும் தீயைப் பற்றிய கருத்து வேற்றுமை ஓயவில்லை.

நம் கல்வராயன் மலையிலும் மலையாளி மக்கள் கடுக்காயும் நெல்லியும் சேகரிப்பவர்களே. இதைப் படித்துவிட்டு எவரும் தீப்பெட்டியுடன் புறப்படலாகாது! 1882-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். ஆனால் சித்திரை வெயிலில் எவரோ எறிந்த பீடியால் மூளும் தீயையும், பருவமறிந்து இட்ட சருகுத் தீயையும் ஒன்றெனக் கருதுவது முறையன்று என்பதே நம் கருத்து. புதர் மண்டிய இடத்திலோ சருகுத் தீயும் உலர்ந்த உண்ணிச்செடியைப் பற்றி மர உச்சிக்கு ஏறிவிடும். ஆகவே முதலில் வெட்டிக் களைதல் வேண்டும். வெட்டிய தண்டும் வீணாவதில்லை. மாதேசுவரன் மலையில் அதனை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலியும் கூடையும் முடைந்து விற்கின்றனர்.