மீதியை வாய்விட்டு எண்ணிக் கொடுப்போம்

மாலை ஆறு மணி. கடையில் கூட்டம் நெரிகிறது. இருபது, இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் வந்து ஓரமாக நிற்கிறார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. நாம் சீட்டை வாங்கிப் படித்து, சாமான்களைப் பையில் போட்டு, "நோட்டில எழுதிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு தம்பி" என்று அனுப்பி வைக்கிறோம். அவரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். வீராம்பட்டினம், அரியாங்குப்பம், தவளக்குப்பம் பக்கம் மளிகைக் கடை நடத்தும் எவருக்கும் இது பழகிப் போன காட்சி. அந்தப் பிள்ளைக்கு அறிவு வளர்ச்சி கொஞ்சம் மந்தம் என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு ஓர் உதவி செய்ததாகத்தான் நாமும் நினைத்துக் கொள்கிறோம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒன்று புரியும். சிறு வயது முதல் நம் கடைக்கு எத்தனையோ தடவை வந்துபோன அந்தப் பிள்ளை, ஒரு தடவைகூடத் தன் கையால் காசு கொடுத்துச் சாமான் வாங்கியதில்லை. மீதி வாங்கியதும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் இன்னும் மோசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் கரையோர வீடுகளில் பாதிக்கு மேல் கணக்கு நோட்டில்தான் ஓடுகிறது. வீட்டில் மற்றவர்களுக்குக் காசு கொஞ்சமாவது கண்ணில் படும். இவருக்கு அதுவும் இல்லை. "எங்களுக்கு அப்புறம் இவன் என்ன செய்வான்?" என்று அந்தத் தாய் நம்மிடமே எத்தனை முறை சொல்லி அழுதிருப்பார்! அந்தக் கேள்விக்குரிய பதிலில் ஒரு சிறு பகுதி நம் கல்லாப் பெட்டிக்கு எதிரே இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முன்பு சொல்லி வந்தோம். அறிவுசார் குறைபாடு உடையவர்கள் என்பது இப்போதைய வழக்கு. இவர்களுக்கான சிறப்புப் பள்ளிகள் நம் பகுதியிலும் உள்ளன. புதுச்சேரியில் 2003ல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி பலரும் அறிந்தது. இத்தகைய பள்ளிகளில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதை வியாபாரிகளாகிய நாம் கொஞ்சம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. ஏனென்றால் பாடத்தின் கடைசிப் பகுதி நடப்பது நம் கடையில்.

சென்னையில் ஜெயச்சந்திரன், விமலா என்ற இருவர் வகுத்த ஒரு பயிற்சி முறை உண்டு. 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்பது அதன் பெயர். நம் நாட்டுச் சிறப்புப் பள்ளிகள் பலவற்றிலும் கையாளப்பட்ட முறை இது. சாப்பிடுவது, உடுத்துவது, பேசுவது என்று ஒரு மனிதர் பிறர் துணையின்றி வாழ வேண்டிய காரியங்களை 18 துறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினம் வரை 20 திறன்கள், ஆக 360. இதில் நம் கவனத்துக்குரிய விஷயம், 'எண்' ஒரு துறை, 'பணம்' வேறொரு துறை என்று தனித்தனியாக வைத்திருப்பதுதான். அனுபவசாலிகளுக்கு இது வியப்பாக இருக்காது. பள்ளியில் கணக்குப் பாடத்தில் தேறாத பையன் நம் கடையில் சேர்ந்து ஆறே மாதத்தில் மீதிச் சில்லறையில் ஒரு பைசா தவறாமல் கொடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பட்டம் படித்தவர் கல்லாவில் உட்கார்ந்து தடுமாறுவதையும் பார்த்திருக்கிறோம். காசு கையில் புரண்டு பழகினால்தான் வரும்.

அட்டையில் அச்சடித்த விளையாட்டு நோட்டை வைத்து வகுப்பறையில் மட்டும் சொல்லிக் கொடுத்தால், வகுப்பில் சரியாகச் செய்கிற பிள்ளை கடை வாசலில் வந்து விழிக்கும். ஆகவேதான் ஆசிரியர்கள் உண்மையான நோட்டோடு உண்மையான கடைக்கு அழைத்து வருகிறார்கள். சில சமயம் ஆசிரியரே சாமான் கேட்டு, ஆசிரியரே காசு கொடுத்து, மீதியை மட்டும் அந்த இளைஞரின் கையில் வாங்க வைப்பார். இது என்ன பயிற்சி என்று சிரிக்க வேண்டாம். கடைசிப் படியை முதலில் பழக்கி, பின்னோக்கி ஒவ்வொரு படியாக வருவது ஒரு நல்ல முறை. காரியம் முடிந்த திருப்தி முதல் நாளே அவருக்குக் கிடைத்து விடுகிறது அல்லவா?

கழித்தல் கணக்குத் தெரியாதவர் எப்படிச் சாமான் வாங்குவார்? இதற்கு அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விலை எத்தனை டாலர், எத்தனை சென்ட் என்று சொன்னாலும், டாலரை எண்ணிவிட்டு, சென்ட்டுக்காக இன்னும் ஒரு டாலர் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டியது. மீதியைக் கடைக்காரர் தருவார். நம் ஊரில் பைசா வழக்கொழிந்து விட்டது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது. 50 பைசா சட்டப்படி செல்லும், ஆனால் கண்ணில் காண்பது அரிது. ஆகவே நமக்கு இதைப் பத்து ரூபாயில் வைத்துக் கொள்ள வேண்டும். பையில் பத்து ரூபாய்த் தாள்கள் மட்டும். "முப்பத்தி நாலு ரூபா" என்று நாம் சொன்னால், முப்பதுக்கு மூன்று தாள், அந்த 'நாலு'க்காக இன்னொரு தாள். நாற்பது கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். "முப்பது" என்று மட்டும் சொன்னால் மூன்று தாளோடு சரி.

தமிழ் இதற்கு மிகவும் வசதியான மொழி. முப்பது முன்னால் வருகிறது, நாலு பின்னால் வருகிறது. இந்தியில் 34க்கு 'சௌந்தீஸ்' என்பார்கள். அதில் நாலு முந்திக்கொள்ளும். நமக்கு வரும் ஒரே சிக்கல் தொண்ணூறு. ஒன்பது பத்து என்பது அந்தச் சொல்லில் காதுக்குக் கேட்பதே இல்லை, நூறு என்றுதான் கேட்கிறது. "தொண்ணூத்தி ரெண்டு" என்றதும் சிலர் நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டுவார்கள். தப்பாகக் கேட்டாலும் கொடுத்தது சரியாகி விடுகிறது! பத்து ரூபாய்த் தாள்கள் மட்டும் வைத்திருப்பவர்தான் திகைத்து நிற்பார். அவரிடம் "பத்துத் தாள் கொடு தம்பி" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் தீர்ந்தது.

இனி நம் பக்கத்துக் காரியம். மீதியை மொத்தமாக அள்ளிக் கையில் வைக்காமல், வாய்விட்டு எண்ணிக் கொடுக்க வேண்டும். முப்பத்தி நாலுக்கு நாற்பது வந்திருந்தால், ஒரு ரூபாயை வைத்து "முப்பத்தி அஞ்சு", ஐந்து ரூபாயை வைத்து "நாப்பது". நூறு கொடுத்திருந்தால் மேலே பத்தை வைத்து "அம்பது", ஐம்பதை வைத்து "நூறு". நம் தகப்பனார் காலத்துப் பழக்கம்தான் இது, கழித்தலே தேவையில்லை. பில் போடும் இயந்திரம் வந்த பிறகு, அது காட்டுகிற தொகையைப் பார்த்து அள்ளிக் கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. எண்ணிக் கொடுத்தால் எதிரே நிற்பவர் பார்த்துப் பார்த்தே பழகுவார். கூடுதலாகக் கொடுத்துவிடும் நம் நஷ்டமும் குறையும், அது வேறு விஷயம்.

"நாலு ரூபா சில்லறை இருக்கா?" என்று கேட்பது நம் அனைவருக்கும் வாயில் ஊறிய வாக்கியம். மற்றவர்களிடம் கேட்கலாம். இந்தப் பிள்ளையிடம் கேட்டால், நாற்பதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கப் பழகியவர் தான் கொடுத்தது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பையிலிருப்பதை எல்லாம் எடுத்து மேசைமேல் கொட்டுவார். அதுபோலவே ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுப்பது. மீதி என்றால் காசு என்று பள்ளியில் மாதக் கணக்கில் பழக்கியதை ஒரு மிட்டாய் கெடுத்துவிடும். மிட்டாய் நன்றாக இருக்கிறதே என்று அவரும் அதையே எதிர்பார்க்க ஆரம்பித்து விடுவார்.

பத்து ரூபாய் நாணயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர்களே அதை வாங்க மறுத்த கதை நமக்குத் தெரியும். அதுவரை வெளியான 14 வடிவ நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. செல்லும் காசைச் செல்லாது என்று ஒரு கடையில் சொன்னால், மற்றவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். இவரோ அந்தக் காசையே காசில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

நோட்டின் நிறத்தை வைத்துப் பழக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அதில் ஆபத்து இருக்கிறது. புதிய வரிசையில் இருநூறு 2017லும், ஊதா நிற நூறு 2018லும், இருபது 2019லும் வந்தன. இருநூறு மஞ்சள், இருபது பச்சை கலந்த மஞ்சள். பழைய நூறு நீலப்பச்சை, புதிய ஐம்பது நீலம். பழசும் புதுசும் கலந்து புழங்குகின்றன. இதில் கண்ணுள்ள நாமே ஏமாறுகிறோம்.

எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறோம். ஒரு நாள் அப்படியொரு பிள்ளை 14 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக்கொண்டு ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்தார். கூட்டத்தில் நம் பையன் அதை இருபது என்று எண்ணி, ஆறு ரூபாய் மீதி கொடுத்து, தாளைக் கல்லாவில் போட்டுவிட்டான். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரவு கணக்கு முடித்தபோது 180 ரூபாய் கூடுதலாக நின்றது. எங்கே தவறு என்று தெரியாமல் தூக்கமில்லை. மறுநாள் காலை அவருடைய தாயார் வந்து, "அண்ணே, நேத்து..." என்று ஆரம்பிக்கும் முன்பே பணத்தை எடுத்து நீட்டிவிட்டோம். பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் வீட்டில் வாங்கிய திட்டுக்குப் பயந்து அந்தப் பிள்ளை மூன்று வாரம் கடைப் பக்கமே வரவில்லை. தவறு செய்தது நாம், திட்டு வாங்கியது அவர். அன்று முதல், மீதியை எண்ணிக் கொடுத்து முடிக்கும்வரை வாங்கிய நோட்டைக் கல்லாவில் போடாமல் மேசைமேலேயே வைத்திருப்பது எங்கள் கடையில் சட்டமாகிவிட்டது. எல்லா வாடிக்கையாளருக்கும்தான்.

துணைக்கு வருகிறவரைப் பார்த்தே பேசும் பழக்கத்தையும் விட வேண்டும். "இவனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், அவர் வாங்க வந்தவராகவே கணக்கில் இல்லை. பேச்சுத் தெளிவில்லை என்றால் சாமானைக் கையால் காட்டட்டும், காத்திருப்போம். நம் ஊர் ஓரத்து அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பாஷை தெரியாதவரோடு வியாபாரம் செய்வது இந்தக் கரைக்குப் புதிதா என்ன? 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும், தம் பண விவகாரங்களைத் தாமே கவனித்துக் கொள்ளும் உரிமை இவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமாக உண்டு என்கிறது.

எல்லாம் போனில் ஆகிவிட்ட காலத்தில் ரொக்கப் பழக்கம் எதற்கு என்று கேட்கலாம். பெற்றோர் தம் கணக்கிலிருந்து வரம்பு வைத்துப் பிள்ளையைச் செலவு செய்ய விடும் 'யூ.பி.ஐ. சர்க்கிள்' வசதி 2024ல் வந்தது. பிற்பாடு அது உதவலாம். ஆனால் காசு குறைவதும் மீதி வருவதும் கண்ணுக்குத் தெரிவது ரொக்கத்தில்தான்.

இன்னொரு வகை இளைஞர்களும் உண்டு. குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து 18 வயதில் வெளியே வருகிறவர்கள். இவர்களுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் சோப்பு முதல் செருப்பு வரை இல்லமே வாங்கிக் கொடுத்திருக்கும். வாரக் கூலி கையில் வந்தால் ஏழு நாளைக்கு எப்படிப் பிரிப்பது என்று தெரியாது. இவர்களுக்கு முதல் நாளே கணக்கு நோட்டுத் திறந்துவிடாதீர்கள். அப்படியே திறந்தாலும் வாரா வாரம் கூட்டிக் காட்டிக் கையோடு தீர்த்துவிடச் சொல்லுங்கள்.

மற்றப் பிள்ளைகள் விஷயத்தில், தாயாரிடம் நாமே பேசலாம். வாரத்தில் ஒரு நாள் நோட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, பத்து ரூபாய்த் தாள்கள் நாலு கொடுத்து, ஒரே ஒரு சாமானுக்கு அனுப்பச் சொல்லலாம். தீப்பெட்டி, ஷாம்பு பாக்கெட், டீத்தூள், எதுவானாலும் சரி. பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால் கடையில் ஈ ஓட்டிக் கொண்டுதான் இருப்போம். நின்று நிதானமாகக் கொடுக்கலாம். அந்த நேரத்துக்கு ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் கல்லாவில் தயாராக இருக்கட்டும். செங்கழுநீர் அம்மன் கோயில் ஆடித் தேர் நாளில், ஊரே திரண்டு நிற்கும்போது, இந்தப் பழக்கம் எதுவும் வேண்டாம். தேர் நிலைக்கு வந்து, திருவிழாக் கடைகளைப் பிரித்துக் கொண்டு போன பிறகு வரச் சொல்லுங்கள்.