மீன்தொட்டிக்குள் மண்பொம்மை: பில்லும் வேண்டும், சோதனையும் வேண்டும்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது: "போன வாரம்தாங்க வாங்கினேன், எல்லாம் செத்துப் போச்சு." கடைக்காரர் "உங்க தண்ணி சரியில்ல சார்" என்பார். வந்தவர் வேறு மீன் வாங்கிக்கொண்டு போவார். தொட்டிக்குள் புதிதாக என்ன வைத்தீர்கள் என்று அவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. துருவிக் கேட்டால்தான் கண்காட்சியில் வாங்கிய பச்சை மெருகுக் குகையும், பிள்ளை பள்ளியில் செய்த களிமண் கோட்டையும், கை உடைந்த கொலு பொம்மையும் வெளியே வரும்.

கையால் செய்தது என்றால் இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆபத்து பெரும்பாலும் மண்ணில் இல்லை, அதன் மேல் பூச்சில் இருக்கிறது. மெருகு பூசாமல் நன்றாகச் சுட்ட செம்மண் சட்டியால் பொதுவாகத் தொல்லை இல்லை. குறைந்த சூட்டில் உருகுவதற்காக ஈயம் சேர்த்த மெருகு, பச்சைக்கும் நீலத்துக்கும் செம்பு கலந்த மெருகு, சிவப்பு மஞ்சளுக்குக் காட்மியம் கலந்த மெருகு ஆகியவைதான் கவலை. 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேர் உறுதியானது. ஆனால் கலவை சரியில்லை என்றால் அதிலிருந்தும் உலோகம் கசியும். தொட்டியில் மரக்கட்டை போட்டு, கார்பன் டை ஆக்சைடு விட்டுத் தண்ணீரை அமிலமாக வைத்திருப்பவர்களுக்குக் கசிவு இன்னும் அதிகம். செம்பு கசிந்தால் இறாலும் நத்தையும் முதலில் சாகும். கொலு பொம்மையில் வண்ணம் சுட்ட பிறகு பூசப்படுவது. அது தண்ணீரில் உரியும். காகிதக்கூழ் பொம்மை என்றால் கரைந்தே போகும். தயவுசெய்து கொலு பொம்மையைத் தொட்டிக்குள் வைக்காதீர்கள்.

வாங்கும்போதே செய்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை டிகிரியில் சுட்டது, மெருகில் ஈயம், செம்பு, காட்மியம் உண்டா, நிறம் மெருகுக்கு அடியிலா மேலேயா? பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிப் பாத்திரத்தில் வெள்ளை வினிகர் ஊற்றிப் பொருளை 24 மணி நேரம் மூழ்க வையுங்கள். மெருகு மங்கினாலோ வினிகர் நிறம் மாறினாலோ அதைத் தொட்டியில் வைக்கக் கூடாது. ஒன்றும் மாறாவிட்டால் ஈயம் இல்லை என்று அர்த்தமாகாது. கசியும் ஈயம் கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் அந்த வினிகரையே சுத்தமான பாட்டிலில் அடைத்து, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈயம், காட்மியம், செம்பு பார்க்கக் கொடுங்கள். ஒட்டுவதற்குக் குளியலறை சிலிக்கான் வேண்டாம், அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும்.

குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையை 2021 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். மீன்தொட்டி அலங்காரம் விளையாட்டுப் பொம்மை என்ற கணக்கில் வராது. அதிகாரிகள் கண்டுகொள்ளாத இந்த இடைவெளியில் யாரும் எதையும் "மீனுக்கு சேஃப்" என்று சொல்லி விற்கலாம். அதனால் அந்த வார்த்தையை எழுத்தில் வாங்குங்கள். பில்லில் "மீன்தொட்டிக்குள் வைக்க ஏற்றது" என்று எழுதச் சொல்லுங்கள். மேசை அலங்காரம் என்று விற்றதை நீங்களாகத் தண்ணீரில் போட்டால் வழக்கு நிற்பது கடினம். பில் தராமல் இருப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிகம்.

மீன் செத்துவிட்டால் பொருளை வெளியே எடுங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வையுங்கள். அம்மோனியா கிட்டில் சோதித்து, தேதியோடு படம் எடுங்கள். மீன் சாவுக்கு அம்மோனியா மிகச் சாதாரணமான காரணம். விற்றவர் முதலில் அதைத்தான் சொல்வார். பொருளைக் கோபத்தில் குப்பையில் எறிகிறார்கள். எறியாதீர்கள். தேய்த்துக் கழுவவும் வேண்டாம். அதுதான் உங்கள் சாட்சி.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் சமரசம் பேசும், தீர்ப்பு சொல்லாது. அதோடு நின்றுவிடாதீர்கள். விற்றவருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி ரசீதை வையுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுங்கள்; இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. பில், படங்கள், நோட்டீஸ் நகல், செத்த மீன்களை வாங்கிய ரசீது எல்லாவற்றையும் இணையுங்கள். குறை சோதனையில்தான் தெரியும் என்றால், ஆணையமே பொருளின் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் வழி உண்டு. புகாரிலேயே அதைக் கேட்டு எழுதுங்கள். சோதனைக் கட்டணத்தை முதலில் உங்களைத்தான் கட்டச் சொல்வார்கள். பொருளை எறிந்துவிட்டு வந்தவருக்கு இந்த வழியே கிடையாது.

இன்னொன்று. ஈயம் கசிந்ததோ என்ற சந்தேகம் இருக்கும் தொட்டித் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றாதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் எடுக்கும் பழக்கத்தையும் இன்றோடு விடுங்கள்.