சிங்கப்பூரில் சீட், திருச்சியில் மடி

கல்யாணம், மணிவிழா, படைப்பு என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால், கடல் தாண்டிப் போன காரைக்குடி, தேவகோட்டைக் குடும்பங்கள் பலவும் வந்து இறங்குவது திருச்சி விமான நிலையத்தில்தான். அங்கிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாக ஊருக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வாசலில் வாடகை கார் நிற்கும். அழைத்துப்போக வந்த அப்பத்தா கையை நீட்டியதும் பேரப்பிள்ளை மடிக்குப் போய்விடும். புதுக்கோட்டை தாண்டியதும் வண்டி 80-ல் பறக்கும்.

அதே பிள்ளையை முந்தின நாள் சிங்கப்பூரில் சொந்தக் காரில் அப்படி ஏற்றியிருக்க முடியாது. 1.35 மீட்டர் உயரத்தை எட்டாதவர்கள் அங்கே அவரவர் அளவுக்கு ஏற்ற பாதுகாப்பு இருக்கையில்தான் உட்கார வேண்டும். மலேசியாவில் 2020 ஜனவரி முதல் இது கட்டாயம். இந்தியாவிலும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை சீட் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். கேட்பார்தான் குறைவு.

மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது. காரோடு அதே வேகத்தில் வந்துகொண்டிருந்த 10 கிலோ குழந்தையை அந்தக் கணத்தில் நிறுத்திவைக்க ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் பிடி வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்தரை! எந்தக் கையாலும் ஆகாது. பெரியவர் பெல்ட் போடாமல் இருந்தால், அவர் உடம்பின் பாரமும் பிள்ளை மேலேயே விழும்.

2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் தமிழ்நாட்டில்தான்: 64,105. அந்த ஆண்டு இந்தியா முழுவதும் சீட் பெல்ட் போடாமல் உயிரிழந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓட்டுநர்கள் அல்ல. உடன் பயணம் செய்தவர்கள்.

எந்த வண்டி வந்தாலும்

புதிய கார்கள் பலவற்றில் பின்சீட்டின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் ‘ஐசோஃபிக்ஸ்’ கொக்கிகள் இருக்கின்றன. குழந்தை இருக்கையை அதில் ‘டக்’கென்று மாட்டிவிடலாம். ஆனால், கல்யாணத்துக்கு வருபவருக்கு எந்த வண்டி அமையும் என்று யார் சொல்ல முடியும்? பழைய வண்டி என்றால் கொக்கி இருக்காது. பெல்ட் இருக்கும். பெல்ட்டால் கட்டத் தெரிந்தவருக்குப் பிள்ளையார்பட்டிக்குப் போகும் வாடகை காரும் ஒன்றுதான், மாமா வீட்டுக் காரும் ஒன்றுதான். ஐசோஃபிக்ஸில் மட்டுமே மாட்டக்கூடிய சீட்டுகளும் விற்பதால், வாங்கும்போதே ‘பெல்ட்டாலும் கட்டலாமா’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாடகை காரில் முதல் வேலை பெல்ட்டைத் தேடுவது. பின்சீட் பெல்ட்டின் பக்கிள் பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கவரைத் தூக்கி வெளியே எடுத்துத் தரும்படி டிரைவர் அண்ணனிடம் முதல் நாளே போனில் சொல்லிவைத்தால் விமான நிலைய வாசலில் நேரம் மிச்சம். பக்கிளுக்குள் ‘பீப்’ சத்தத்தை நிறுத்தும் போலி கிளிப் செருகியிருந்தால் அதையும் கழற்ற வேண்டும். இந்த கிளிப்புகளை விற்கக் கூடாது என்று 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

முழங்கால் வைத்து இறுக்குங்கள்

சீட்டை வைக்க வேண்டிய இடம் பின்சீட். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில், பின்நோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் சீட்டின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும்.

சீட்டின் பக்கவாட்டில் பெல்ட் போகவேண்டிய வழி குறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பிய முறையில் செய்த சீட்டுகளில் நீலக் குறி பின்நோக்கி வைப்பதற்கு, சிவப்புக் குறி முன்நோக்கி வைப்பதற்கு. முறுக்கு விழாமல் அந்த வழியே பெல்ட்டை நுழைத்து பக்கிளில் மாட்ட வேண்டும். பிறகு முழங்காலையோ உள்ளங்கையையோ சீட்டுக்குள் ஊன்றி உடல் எடையைக் கொடுத்துக்கொண்டே, தோள் பக்கத்துப் பெல்ட்டை மேல்நோக்கி இழுத்தால் இடுப்புப் பக்கத்துத் தொய்வு முழுக்க வெளியே வந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில். நம் கார்களின் பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். வெடுக்கென்று இழுத்தால்தான் பிடிக்கும். பெரியவர்கள் குனிந்து நிமிர இது வசதி. குழந்தை இருக்கைக்கோ ஒவ்வொரு குழியிலும் திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அதற்காகத்தான் பல சீட்டுகளில் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு வைத்திருக்கிறார்கள். இறுக்கிய கையோடு அதை மூடிவிட வேண்டும். காரின் பக்கிள் சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் முட்டி வளைந்து நின்றால், வேறு இடத்தில் வைத்துப் பார்ப்பதே சரி.

கடைசியில் சோதனை. பெல்ட் போகும் இடத்தில் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் அசைத்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. தலைப்பக்கம் பிடித்து ஆட்டினால் எந்தச் சீட்டும் ஆடத்தான் செய்யும்.

ஏன் பின்பக்கம் பார்த்து?

கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து மெலிது. முன்நோக்கி உட்கார்ந்திருந்தால், மோதும்போது உடம்பை வார் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் முன்னே பாயும். பின்நோக்கி இருந்தால் தலை, முதுகு எல்லாவற்றையும் சீட்டின் முதுகுப்பலகை ஒருசேரத் தாங்கும். ராக்கெட் கிளம்பும்போது விண்வெளி வீரர்கள் மல்லாந்து கிடப்பதைப் பார்த்து, 1960-களில் ஸ்வீடன் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் இந்த யோசனைக்கு வந்தார்.

பிள்ளையைக் கட்டும் தோள்வார் பின்நோக்கிய சீட்டில் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழே இருந்தும், முன்நோக்கியதில் சமமாக அல்லது சற்று மேலே இருந்தும் வர வேண்டும். தோள்மேல் வாரை விரலால் கிள்ளினால் மடிப்புப் பிடிபடக் கூடாது. ‘பாவம், உறுத்தும்’ என்று பிள்ளைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தால் அந்த அளவுக்கு வார் தளர்ந்துபோகும். காரைக்குடி வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் உலோகம் கொதிக்கும் என்பதால், நிறுத்தும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்திவைத்து, பிள்ளையை உட்காரவைக்கும் முன் எடுத்துவிடலாம்.

விலை அதிகம் என்பதால் அக்கா பிள்ளையின் சீட்டு தங்கை பிள்ளைக்கு வருவது வழக்கம். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் விபத்தில் அடிபட்டதா என்று கேட்க வேண்டும். அடிபட்ட சீட்டு, கீறல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வேண்டாம். சீட்டைத் திருப்பிப் பார்த்தால் தயாரித்த தேதியும், பல சீட்டுகளில் காலாவதி ஆகும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். பக்கத்திலேயே எத்தனை கிலோ வரை தாங்கும் என்ற ஒட்டுத்தாளும் இருக்கும். அடுத்த விசேஷத்துக்குள் பிள்ளை அந்த எடையைத் தாண்டியிருந்தால் வேறு சீட்டு பார்க்க வேண்டியதுதான்.