விழுந்து எழுந்த பிறகு வரும் பயம்

"வயசாச்சுன்னா விழத்தானே செய்யும்!" இந்தப் பேச்சைக் கேட்காத தோட்டமில்லை. தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் வந்து அடுக்குமாடியில் குடியேறியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நாற்பது வருஷம் மேட்டிலும் பள்ளத்திலும் பால்மரம் வெட்டி நடந்த கால், குளியலறையில் ஒருமுறை வழுக்கிவிட்டால் போதும். "பாட்டி, இனிமே நீங்க எங்கேயும் போக வேண்டாம், சும்மா உட்காருங்க" என்று பிள்ளைகள் அன்பாகச் சொல்லிவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை வற்றிப்போகும். சதை வற்றினால் நாற்காலியை விட்டு எழும்போதே தள்ளாட்டம். அந்தத் தள்ளாட்டத்தில்தான் மறுபடியும் விழுகிறார்கள். உலகத்தில் ஆண்டுக்கு 684,000 பேர் விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

டாக்டர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, விழுந்து அடிபட்ட முதியோர் 268 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2018-இல் முடிவை வெளியிட்டது. ஒரு பாதியினருக்கு மருந்து, கண், வீடு, உடற்பயிற்சி என ஆளுக்கேற்றபடி கவனிப்பு. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், அவர்கள் விழுவது சொல்லும்படியாகக் குறையவில்லை! இதனால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆஸ்பத்திரி மட்டும் போதுமா என்பதுதான் நம் கேள்வி.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் முதியோர் 310 பேரை வைத்து நடந்த ஆய்வில், வாரம் ஒருமுறை குழுவாகக் கூடிப் பயிற்சி செய்தவர்கள் விழுவது 31 விழுக்காடு குறைந்தது. இது 2004-இல் வெளிவந்த செய்தி. அமெரிக்காவில் பாஸ்டனில் உருவான இன்னொரு பயிற்சி, விழுந்தவரின் பயத்தையே முதலில் பிடித்துக்கொண்டது. இரண்டிரண்டு மணி நேரமாக எட்டுக் கூட்டங்கள். பிற்பாடு அதை நடத்த டாக்டரும் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற சாதாரணத் தொண்டர்கள் இருவர் போதுமென்றாயிற்று. தொண்டர்களிலும் பலர் வயதானவர்களே. "நானும் பயந்தவதான், வாங்கம்மா" என்று சொல்லக்கூடியவர் பேச்சுக்கு இருக்கும் பலம் வேறு.

நம் நாட்டில் தொண்டர் படை புதிதல்ல. சுகாதார அமைச்சு 2013-இல் கோஸ்பென் திட்டத்தைத் தொடங்கி, வட்டாரத்து மக்களுக்கே இரத்த அழுத்தமும் இனிப்பும் பார்க்கப் பழக்கியது. சமூகநல இலாகாவின் முதியோர் நடவடிக்கை நிலையங்களும் இருக்கின்றன. தோட்டத்தில் கோயில் திருவிழாவென்றால் கூப்பிடாமலே கூடுகிற நமக்கு, வாரம் இருமுறை மண்டபத்தில் பத்து நாற்காலி போடுவதா கஷ்டம்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரட்டும். முடியாதவர் பிடித்துக்கொண்டே ஆரம்பிக்கட்டும். அசையாத மேசையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதம் வைத்து நிற்கட்டும். பக்கத்தில் ஓர் இளையவர் நிற்பது அவசியம். நெஞ்சுவலி, தலைசுற்றல் உள்ளவர் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஒரு நாள் வராத தாத்தாவின் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பதும் தொண்டர் வேலைதான்.

தட்டப் போகும்போது கண்ணையும் ஓட்டுங்கள். ஈரத்தரை, தேய்ந்த சிலிப்பர், இரவில் கக்கூசுக்குப் போகும் வழியில் விளக்கில்லாமை, மடிந்து கிடக்கும் பாய் எல்லாம் காலை வாரிவிடும். இனிப்புநீர் உள்ளவருக்குப் பாதம் மரத்திருந்தால் தரை தெரியாது. பிரஷர் மாத்திரை போட்டவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். சற்று உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்.

அப்படியும் ஒருவர் விழுந்துவிட்டால்? கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவுவது கூடவே கூடாது. அப்படியே படுக்க வைத்து, போர்த்திவிட்டு, 999-க்குக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.